குறைந்த செலவில் கேமிங்குக்கும் நேரலைக்கும் ஒரே கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாடவும் வேண்டும், விளையாடுவதை நேரலையாக ஒளிபரப்பவும் வேண்டும், கையில் உள்ள பணமோ குறைவு என்ற நிலையில் கணினி கட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான நவீன விளையாட்டுகளை 1080பி தெளிவில் ஆடுவதும், அதே கணினியிலிருந்து நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் நேரலை தருவதும் இங்கே இலக்கு. இதற்கு மேல் 4கே, இரண்டு கணினி அமைப்பு போன்றவற்றுக்கு இப்பக்கத்தில் இடமில்லை.

மொத்தம் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக, கேபினெட்டுக்குள் போகும் பொருட்களுக்கு மட்டும் 60,000 முதல் 70,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டால் சமரசங்கள் குறைவான கணினியைக் கட்டலாம். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுகின்றன என்பதால், ஒவ்வொரு பொருளின் விலையையும் மனப்பாடம் செய்வதைவிடப் பங்கீட்டை நினைவில் வைப்பது பயன் தரும். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கிராபிக்ஸ் கார்டுக்கும், ஐந்தில் ஒரு பங்கு புராசஸருக்கும் போகட்டும். மிச்சத்தில் மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட் அடங்க வேண்டும். விலை கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட்ட தொகையா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எல்லாப் பொருளும் முடிவான பிறகு வரி தனியாகச் சேர்ந்தால், முதலில் அடிபடுவது எஸ்எம்பிஎஸ்ஸின் தரம்தான்.

நேரலைக்கென்று 8 கோர், 12 கோர் புராசஸர் வாங்க வேண்டாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான். பத்தாண்டுகளுக்கு முன், படம் நன்றாக வர வேண்டுமென்றால், நேரலைக்கான வீடியோவைச் சுருக்கும் வேலையை, அதாவது என்கோடிங்கை, எக்ஸ்264 என்ற மென்பொருளைக் கொண்டு புராசஸரே செய்ய வேண்டியிருந்தது. விளையாட்டும் எக்ஸ்264உம் ஒரே கோர்களுக்கு (புராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்) போட்டியிட்டதால், நேரலை செய்பவருக்குக் கோர்கள் அதிகம் தேவைப்பட்டன. இன்று கிராபிக்ஸ் கார்டுக்குள் இந்த வேலைக்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. என்விடியாவில் அதன் பெயர் என்வென்க், இன்டெல்லில் குவிக் சிங்க். 2018இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையுடன் வந்த டூரிங் தலைமுறையிலிருந்து என்வென்க்கின் படத்தரம், நேரலைக்கு வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்264 அமைப்புகளுக்கு ஈடாகிவிட்டது. விளையாட்டை வரையும் கோர்களை இந்தச் சுற்று பெரிதாகத் தொடுவதில்லை என்பதால் விளையாட்டின் வேகமும் சில சதவீதத்துக்கு மேல் குறையாது. சரியான என்கோடர் உள்ள கார்டை வாங்கிவிட்டால், நேரலைக்கென்று தனியாகச் செலவு கிடையாது. பெரிய புராசஸருக்காக எடுத்து வைத்த பணத்தைக் கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் மைக்கிலும் போடுங்கள்.

அப்படியானால் எந்த கிராபிக்ஸ் கார்டு?

கார்டின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன், நேரலை செய்பவர் அதன் என்கோடரைப் பார்க்க வேண்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகிய இரண்டிலும் வீடியோ என்கோடரே கிடையாது. விலை குறைவு என்று வாங்கி வந்து, நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸின் அமைப்புகளில் என்கோடர் பட்டியலைத் திறந்தால் எக்ஸ்264 மட்டுமே நிற்கும். போதாததற்கு இவை, கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇயில் நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துபவை. பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் விளையாட்டின் வேகமும் கணிசமாக இறங்கும். நேரலைக்கு இந்த இரண்டும் முற்றிலும் தவிர்க்க வேண்டியவை. 2019இல் வந்த முதல் ஜிடிஎக்ஸ் 1650இல் டூரிங்குக்கு முந்தைய தலைமுறை என்கோடரே இருக்கிறது. அதே வரிசையின் 1650 சூப்பரில் புதிய என்கோடர் உண்டு.

வாங்கத் தகுந்தவற்றில், 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 நல்ல விலைக்குக் கிடைத்தால் இன்றும் நேர்மையான தேர்வு. 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 அதைவிட வேகமானது, 115 வாட் மட்டுமே எடுப்பது, ஏவி1 என்ற புதிய வீடியோ முறையில் என்கோடிங்கும் தருவது. ஆனால் நினைவகம் 8 ஜிபிதான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டுகள் விற்கப்படுகின்றன. நினைவக அளவு மட்டும் வேறு என்று எண்ண வேண்டாம், 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு, வேகமும் குறைவு. தனி மின் இணைப்பு தேவைப்படாமல் 70 வாட்டில் ஓடுவது அதன் நன்மை.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கொடுக்கும் பணத்துக்கு நல்ல விளையாட்டு வேகம் தரும் கார்டு. நேரலையில் வழக்கமான எச்.264 வீடியோ முறையில் அதன் படத்தரம் என்வென்க்கைவிட ஒரு படி கீழே என்பதால், வேகமாக நகரும் காட்சிகளில் புல்வெளியும் இலைகளும் கட்டம் கட்டமாகச் சிதறுவது தெரியும். அதை ஈடுசெய்ய நல்ல வழி ஒன்று உண்டு. இன்டெல்லின் ஐ5-12400எஃப் புராசஸரை வாங்குவதற்குப் பதிலாக, எஃப் எழுத்து இல்லாத ஐ5-12400ஐ வாங்கினால் அதனுள்ளேயே சிறு கிராபிக்ஸ் பகுதி இருக்கும். விளையாட்டை ஆர்எக்ஸ் 6600 வரைய, நேரலை என்கோடிங்கை இன்டெல்லின் குவிக் சிங்க் பார்த்துக்கொள்ளும். மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கமான பையாஸில் உள்கிராபிக்ஸை இயக்கி வைக்க மறக்கக் கூடாது.

2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி நினைவகமும் நல்ல ஏவி1 என்கோடரும் கொண்டது. எனினும் கார்டின் நினைவகம் முழுவதையும் புராசஸர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய கணினிகளில் அது பெரிதும் தடுமாறும். ரைசன் 5 5600 போன்ற எளிய புராசஸர்களுடன் சேரும்போதும் சில விளையாட்டுகளில் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. முதல் கணினி கட்டுபவருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஏவி1 உண்மையில் அவசியமா?

யூடியூபில் மட்டும் நேரலை செய்பவருக்குப் பயனுள்ளது, ஏனெனில் யூடியூப் ஏவி1 நேரலையை ஏற்றுக்கொள்கிறது. அதே பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) எச்.264ஐவிடத் தெளிவான படம் கிடைக்கும் என்பதால் பதிவேற்ற வேகம் குறைவாக உள்ள ஊர்களில் கை கொடுக்கும். இருந்தாலும், அதற்காக மட்டும் பட்ஜெட்டை உடைக்க வேண்டியதில்லை.

புராசஸரும் மதர்போர்டும்?

ஆறு கோர், பன்னிரண்டு திரெட் போதும். ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் இரண்டில் எந்தக் கூட்டணி அன்றைய தேதியில் மலிவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ரைசன் 5 5600ஐப் பழைய பி450 போர்டுடன் வாங்கினால், அந்த போர்டின் பையாஸ் 5000 வரிசைக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்று கடையிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் எல்லாம் சரியாகப் பொருத்தியும் திரை கறுப்பாகவே இருக்கும்.

ரைசன் 5 5600 பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டுக்கு இனிப் பெரிய எதிர்காலம் இல்லை என்பது உண்மை. 2022இல் வந்த ஏஎம்5 பலகையை வாங்கினால் சில ஆண்டுகள் கழித்து புராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் கட்டாயம். அந்தக் கூடுதல் தொகை கிராபிக்ஸ் கார்டை ஒரு படி கீழே இறக்கும் என்றால் ஏஎம்4உடனேயே நில்லுங்கள்.

ராம் 16 ஜிபி போதுமா?

வேலோரண்ட், சிஎஸ்2 போன்றவற்றை ஆடி ஒளிபரப்ப 16 ஜிபி போதும். தமிழ் நேரலைகளில் அடிக்கடி காணும் ஜிடிஏ 5 ரோல்பிளே சர்வர்களில் ஆடுபவருக்கு நிலைமை வேறு. விளையாட்டு, அதன் கூடுதல் மாட்கள், ஓபிஎஸ், டிஸ்கார்டு, பார்வையாளர் சாட் திறந்திருக்கும் பிரவுசர் எல்லாம் சேர்ந்தால் 16 ஜிபி நிரம்பி வழியும். 2025இன் இறுதியிலிருந்து, தயாரிப்பாளர்கள் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தின் பக்கம் உற்பத்தியைத் திருப்பியதால் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஆகவே எடுத்த எடுப்பில் 32 ஜிபி வாங்க முடியாதவர்கள், நான்கு ராம் ஸ்லாட் உள்ள மதர்போர்டைத் தேர்ந்தெடுத்து, இப்போது 8 ஜிபி குச்சிகள் இரண்டைப் பொருத்திவிட்டுப் பின்னர் இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

16 ஜிபி ஒரே குச்சியாக வாங்க வேண்டாம். இரண்டு குச்சிகள் இருந்தால்தான் டூயல் சேனல், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தரவு பரிமாறும் முறை, இயங்கும். அதோடு, 3200 என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், பையாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கும்வரை ராம் பெரும்பாலும் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கணினியைக் கட்டிய முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் தொடங்கிப் பிறகு சேர்க்கலாமா?

சேர்க்கலாம். உள்கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜியில் எளிய விளையாட்டுகள் ஓடும், 720பி நேரலையும் சாத்தியம். ஆனால் அதன் எல்3 கேச் (புராசஸருக்குள் உள்ள வேக நினைவகம்), சாதாரண 5600இல் உள்ளதில் பாதிதான், பிசிஐஇயும் 3.0தான். பின்னர் கார்டு சேர்க்கும்போது 5600 தரும் வேகம் வராது. ஆறு மாதத்துக்குள் கார்டு வாங்க முடியும் என்றால் பொறுத்திருந்து ஒன்றாகக் கட்டுவது நல்லது.

எஸ்எஸ்டி?

என்விஎம்இ எஸ்எஸ்டி 1 டிபி. முடியாவிட்டால் 500 ஜிபி. நேரலைகளைப் பதிவுசெய்து வைக்க மலிவான ஹார்டு டிஸ்க் போதும், விளையாட்டுகளை அதில் நிறுவ வேண்டாம்.

கேபினெட்டுடன் இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. அதன் மேல் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பி 25,000 ரூபாய்க் கார்டை அதில் மாட்டுவது, அந்தக் கார்டைப் பணயம் வைப்பதற்குச் சமம். 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற, குறைந்தது மூன்றாண்டு, கிடைத்தால் ஐந்தாண்டு வாரண்டி உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். சான்று மின்சிக்கனத்தைப் பற்றியதே தவிர முழுத் தரத்துக்கும் உத்தரவாதம் அல்ல. என்றாலும் சான்றும் நீண்ட வாரண்டியும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் ஏமாறமாட்டீர்கள். இந்தக் கணினி முழுப் பாரத்தில் எடுப்பது 300 வாட்டையொட்டித்தான் என்பதால் 550 வாட்டில் போதுமான இடைவெளி இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிப் பேசும்போது வீட்டின் எர்த்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேபினெட்டின் பின்புற இரும்பைத் தொட்டால் கை சுருக்கென்கிறதா? டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிகிறதா? எஸ்எம்பிஎஸ் பழுது என்று முடிவுகட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்னிரைச்சலை வடிகட்டும் கண்டென்சர்கள், மிகச் சிறிய அளவு மின்சாரத்தைக் கேபினெட்டின் உடலுக்குக் கசியவிடும் வகையிலேயே அமைந்தவை. அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாத பிளக் பாயிண்டிலோ, மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டரிலோ கணினியை மாட்டினால், போக வழியின்றிக் கேபினெட்டில் ஏறத்தாழ 115 வோல்ட் தங்கிவிடும். மின்னோட்டம் சிறிது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் யுஎஸ்பி மைக்கில் தீராத "உம்ம்ம்" இரைச்சல் வருவதற்கும், ஆடியோ இணைப்புகள் பழுதாவதற்கும் இது காரணமாகலாம். உண்மையில் பழுதான எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் எர்த் இல்லாத வீட்டில் உயிருக்கே ஆபத்து. மைக் மாற்றுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ் எவ்வளவு பெரிதாக வேண்டும்?

கடைகளில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் மட்டுமே தாங்கும். கணினியும் மானிட்டரும் சேர்ந்து விளையாட்டின் உச்சத்தில் அந்த அளவை நெருங்குவதால், மின்சாரம் போகும் அந்த நொடியிலேயே யுபிஎஸ்ஸும் அணைந்துவிட வாய்ப்பு உண்டு. 1000 விஏ, அதாவது ஏறக்குறைய 600 வாட் உள்ளதை வாங்குங்கள். நேரலை தொடர வேண்டுமென்றால் ஃபைபர் மோடமுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 12 வோல்ட் மோடமுக்கென்றே விற்கும் சிறு யுபிஎஸ் அதற்குப் போதும்.

சென்னை, மதுரை வெயிலில் லிக்விட் கூலர் இல்லாமல் தாங்குமா?

தாங்கும். 65 வாட் புராசஸருக்கு உடன் வரும் கூலரே போதும். சத்தம் தொல்லையாக இருந்தால் எளிய டவர் கூலர் சேர்க்கலாம். உண்மையில் கவனிக்க வேண்டியது கேபினெட்டின் முகப்பு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக மூடி, உள்ளே வண்ண விளக்கு விசிறிகள் மூன்று சுழலும் கேபினெட் பார்வைக்கு அழகுதான், ஆனால் காற்று நுழைய வழியில்லை. வலை முகப்புள்ள கேபினெட்டில், முன்னே இரண்டு விசிறி காற்றை உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளியேற்றினால் 40 டிகிரி வெயிலிலும் ஏசி இல்லாத அறையில் வேலை நடக்கும். தெருவோர வீடுகளில் மாதம் ஒருமுறை தூசி வலையைக் கழற்றித் தட்டுவது அவசியம்.

பழைய கார்டு வாங்கலாமா? ரிச்சி தெருவா, ஆன்லைனா?

ஆர்டிஎக்ஸ் 2060 போன்ற டூரிங் கார்டுகள் வாரண்டி மிச்சத்துடன் கிடைத்தால் வாங்கலாம். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்கப்படுபவற்றில் 2048எஸ்பி என்ற வகை ஒன்று உண்டு. அது வேகத்தில் ஆர்எக்ஸ் 570ஐ ஒத்தது. வேறு கார்டின் பெயரைப் பையாஸில் மாற்றி எழுதிய போலிகளும் சந்தையில் உலவுகின்றன. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை விற்பவரின் கணினியிலேயே ஓடவிட்டுப் பார்த்து, அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டச்சொல்லி, விசிறிச் சத்தத்தையும் வெப்பத்தையும் கவனித்த பிறகே பணம் கொடுங்கள்.

புதிய பொருட்களுக்கு, சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நான்கைந்து கடைகளில் முழுப் பட்டியலையும் கொடுத்து மதிப்பீடு வாங்கி, ஆன்லைன் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மொத்தமாக ஒரே கடையில் வாங்கும்போது பேரம் பேச இடமுண்டு, பொருத்தியும் தருவார்கள். எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் எழுதப்பட்ட ஜிஎஸ்டி பில் கையில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். மூன்றாண்டு வாரண்டியின் மதிப்பு அதைவிடப் பெரிது.

நானே பொருத்தலாமா?

தாராளமாக. பொறுமை இருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். ஏஎம்4 புராசஸரில் ஊசிகள் புராசஸரின் அடியிலேயே இருப்பதால், மூலையில் உள்ள தங்கநிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தால் தானாக இறங்கும். இன்டெல்லில் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன, அங்கே விரலே படக் கூடாது. பின்னாளில் ஏஎம்4 கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்தால், இடையில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்த பிடிப்பில் புராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கிய பின், கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்கள். இரண்டே குச்சி ராம் என்றால், நான்கு ஸ்லாட் பலகைகள் பெரும்பாலானவற்றில் புராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்த வேண்டும். கடைசியாக, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

விளையாட்டு 140 ஃபிரேமில் ஓடுகிறது, நேரலையோ திக்கித் திக்கி வருகிறது. ஏன்?

ஓபிஎஸ்ஸில் புள்ளிவிவரச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுங்கள். அங்கே ஃபிரேம் இழப்பு மூன்று வரிகளாகக் காட்டப்படும். எந்த வரியில் எண் ஏறுகிறது என்பதைப் பொறுத்து மருந்து வேறுபடும்.

ரெண்டரிங் லேக் ஏறினால், கிராபிக்ஸ் கார்டை விளையாட்டே 99 சதவீதம் விழுங்கிவிட்டது என்று பொருள். காட்சிகளை ஒன்றாக அடுக்குவதற்கு ஓபிஎஸ்ஸுக்கும் கார்டின் ஒரு பங்கு வேண்டும். விளையாட்டின் ஃபிரேம் வேகத்துக்கு உச்ச வரம்பு போட்டு, 140ஐ 120 அல்லது 100 ஆக்குங்கள். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் விண்டோஸ் அதற்கு முன்னுரிமை தரும். "என் கார்டுக்குச் சக்தி போதவில்லை" என்று நினைத்துப் புதிய கார்டுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியவர்களின் பிரச்சினை பலமுறை இந்த ஒரே மாற்றத்தில் தீர்ந்திருக்கிறது.

என்கோடிங் லேக் ஏறினால், பெரும்பாலும் எக்ஸ்264 தேர்வாகியிருக்கும், அல்லது என்கோடரின் தர அமைப்பு மிக உயரத்தில் இருக்கும். மூன்றாவது வரியில், அதாவது நெட்வொர்க் இழப்பில் எண் ஏறினால் கணினியில் கை வைக்காதீர்கள், குறை இணையத்தில் இருக்கிறது.

பதிவேற்ற வேகம் எவ்வளவு வேண்டும்?

நேரலைத் தளமான ட்விட்ச் பரிந்துரைக்கும் 6000 கேபிபிஎஸ் பிட்ரேட்டில் 1080பி நேரலை தர, நிலையான 10 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகம் இருந்தால் போதும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகம். உங்களுக்கு வேண்டியது மற்றது. ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலும் இரண்டும் சமமாக இருக்கும். வைஃபையை விட்டுவிட்டு, மோடமிலிருந்து கணினிவரை லேன் கேபிள் இழுங்கள். இந்த பிட்ரேட்டில் மணிக்கு ஏறக்குறைய 2.7 ஜிபி போகும். தினம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் 324 ஜிபி. உங்கள் திட்டத்தின் மாத வரம்பை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஓபிஎஸ்ஸில் ரேட் கன்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் இடைவெளி 2 நொடி என வைக்க வேண்டும்.

மைக், கேமரா இரண்டில் எதற்கு முதலில் செலவிடுவது?

மைக்குக்கு. படம் சற்று மங்கினால் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லையென்றால் போய்விடுவார்கள். சீலிங் ஃபேன் இல்லாமல் நம் வீடுகளில் உட்கார முடியாது என்பதால், அறையின் எல்லாச் சத்தத்தையும் வாரிக்கொள்ளும் கண்டென்சர் மைக்கைவிட, வாய்க்கு அருகில் வைக்கும் டைனமிக் மைக் பொருத்தமானது. மீதி இரைச்சலை ஓபிஎஸ்ஸிலேயே உள்ள ஆர்என்நாய்ஸ் ஃபில்டர் பெருமளவு நீக்கிவிடும். கேமராவுக்குக் கையில் இருக்கும் போனே போதும்.

விண்டோஸுக்குப் பணம் கொடுக்காமல் லினக்ஸில் சமாளிக்கலாமா?

ஓபிஎஸ் லினக்ஸில் நன்றாக ஓடும், பல விளையாட்டுகளும் ஓடும். ஆனால் வேலோரண்ட் ஓடாது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸை மட்டுமே ஏற்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் புதிய கணினியில் 11ஐ நிறுவுங்கள். விண்டோஸ் 11இல் வேலோரண்ட் திறக்க மறுத்தால், பையாஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஏஎம்டி பலகைகளில் முதலாவது எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். திருட்டு ஆக்டிவேட்டர்களை மட்டும் தொடாதீர்கள். உங்கள் சேனலின் பாஸ்வேர்டு இருக்கும் அதே கணினியில் யார் எழுதியது என்றே தெரியாத நிரலுக்கு முழு அதிகாரம் கொடுக்கிறீர்கள். ஆக்டிவேட் செய்யாத அசல் விண்டோஸில் திரையின் மூலையில் எழுத்து தெரியும், வால்பேப்பர் போன்ற தனிப்பயன் அமைப்புகளை மாற்ற முடியாது. விளையாட்டும் நேரலையும் அதனால் தடைபடுவதில்லை. உரிமத்துக்குப் பணம் சேரும்வரை அப்படியே ஓட்டலாம்.